கூட ரூமில் இருந்த பெண் என் மேல் நகைத் திருட்டுப் புகார் கொடுத்திருக்கிறாள், என்ன செய்வது?

பனிப்பூ | நவம்பர் 9, 2025, இரவு 9:50

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் படிக்க மட்டும்தான் இங்கே வருவேன், எழுதியதில்லை. இன்று யாரிடமாவது சொல்லாவிட்டால் தூங்க முடியாது போலிருக்கிறது.

எனக்கு 26 வயது. சொந்த ஊர் கூடலூர் பக்கம். குன்னூரில் ஒரு வருஷம் நாலு மாதம் ஒரு பெண்ணோடு சேர்ந்து ரூம் எடுத்துத் தங்கியிருந்தேன். ஒரே அறை, ஒரு சமையல் மேடை, ஒரு இரும்பு பீரோ. மேல் தட்டு அவளுக்கு, கீழ்த் தட்டு எனக்கு. பீரோ சாவி ஒன்றுதான், அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருப்போம். அக்டோபர் 12, ஞாயிற்றுக்கிழமை ரூமைக் காலி செய்துகொண்டு கோத்தகிரிக்கு வந்துவிட்டேன், புது வேலை. பெரிய சண்டை எதுவும் இல்லை. அட்வான்ஸில் என் பங்கு 10,000 ரூபாயை அவள் தரவில்லை, அதில் மட்டும் கொஞ்சம் மனஸ்தாபம்.

மூன்று வாரம் கழித்து, போன புதன்கிழமை, வாட்ஸப் ஸ்டேட்டஸில் என் போட்டோவைப் போட்டு, "கூட இருந்தே குழி பறிச்சவ, எங்கம்மா செயினைத் திருடிட்டுப் போனவ, வீட்டுல சேர்க்கறவங்க ஜாக்கிரதை" என்று எழுதியிருக்கிறாள். எனக்குக் காட்டாமல் மறைத்துப் போட்டிருக்கிறாள். வேறொருத்தி அனுப்பித்தான் பார்த்தேன். இரண்டு சவரன் செயின், டாலரோடு. இன்றைய விலையில் ஒன்றே முக்கால் லட்சத்தைத் தாண்டும். நான் மாதம் வாங்குவது 14,000.

நேற்று ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. "உங்க மேல ஒரு கம்ப்ளைண்ட் இருக்கு, திங்கட்கிழமை வந்துட்டுப் போங்க" என்றார்கள். அதற்குள் அவளுடைய மாமா வேறு கூப்பிட்டு, ஒன்றரை லட்சம் கொடுத்துவிட்டால் புகாரை வாபஸ் வாங்கிக்கொள்வதாகச் சொல்கிறார். அம்மாவும் திருப்பூரில் இருக்கும் அண்ணனும், "கடனை உடனை வாங்கியாவது கொடுத்துடலாம், பொம்பளப் பிள்ளை ஸ்டேஷன் வாசல் மிதிக்கக் கூடாது" என்கிறார்கள்.

நான் அந்தச் செயினை எடுக்கவில்லை. சத்தியமாக எடுக்கவில்லை. கொடுத்துத் தொலைத்துவிடலாமா? நாளைக்கு என்ன செய்வது?

நாயுடுபுரத்தான் | இரவு 10:12

தங்கச்சி, முதல் வார்த்தையாகச் சொல்கிறேன். பணம் கொடுக்காதே.

நான் கொடைக்கானல். 2017ல் இங்கே ஒரு ஓட்டலில் வேலை பார்த்தபோது மூன்று பேர் ஒரு பழைய வீட்டு மாடியில் தங்கியிருந்தோம், பலகைத் தரை. ஒருத்தன் போன் காணாமல் போனது. அன்று லீவு போட்டு ரூமில் படுத்திருந்தவன் நான். வேறு ஒரு சாட்சியும் வேண்டியிருக்கவில்லை, நான்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். மேனேஜர் கூப்பிட்டு, "எடுத்தியோ எடுக்கலியோ, பிரச்சனை வேண்டாம், சம்பளத்துல பிடிச்சுக்கறேன்" என்றார். மூன்று மாதம் மூவாயிரம் மூவாயிரமாக 9,000 ரூபாய் கட்டினேன். சமாதானமாகப் போய்விடலாம் என்றுதான் கட்டினேன்.

ஆறு மாதம் கழித்து மழையில் தரைப்பலகை இற்றுப்போய், மாற்றுவதற்காக ஆசாரி இரண்டு பலகையைப் பெயர்த்தார். உள்ளே கிடந்தது அந்தப் போன், எலிப் புழுக்கைக்கு நடுவில். கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் பலகை விலகியிருந்த சந்து வழியாக விழுந்திருக்கிறது. போன்காரன் வந்து மன்னிப்புக் கேட்டான், காசையும் திருப்பிக் கொடுத்தான். ஆனால் ஊரில் என்ன நின்றது தெரியுமா? "போனை எடுத்தான், மாட்டிக்கிட்டான், காசு கட்டினான்." பலகை பெயர்த்த கதை யாருக்கும் தெரியாது. கட்டிய கதை எல்லோருக்கும் தெரியும். இன்றைக்கும் ஒரு கல்யாண வீட்டில் பை காணோம் என்றால் நாலு பேர் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள். எட்டு வருஷம் ஆகிறது.

எடுக்காத பொருளுக்குக் காசு கட்டாதே.

பழைய குமாஸ்தா | இரவு 10:31

அம்மா, நான் ஒரு வக்கீலிடம் முப்பது வருஷத்துக்கு மேல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். வக்கீல் அல்ல, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுப் படியுங்கள்.

நாளை போனதும் முதலில் கேட்க வேண்டியது: எஃப்.ஐ.ஆர். பதிவாகியிருக்கிறதா, இல்லை மனு ரசீது மட்டும்தானா? நம் மாநிலத்தில் சி.எஸ்.ஆர். என்பார்களே, அது. மனு ரசீது என்றால் நீங்கள் இன்னும் வழக்கில் குற்றவாளியாகச் சேர்க்கப்பட்டவர் இல்லை. இரண்டு தரப்பையும் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள், அவ்வளவுதான்.

வழக்கே பதிவானாலும் உடனே கைது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதில் சாதாரணத் திருட்டு 303(2), மூன்று வருஷம் வரை. குடியிருக்கும் வீட்டுக்குள் திருட்டு என்றால் 305, ஏழு வருஷம் வரை. ஏழு வருஷமும் அதற்குக் குறைவுமான குற்றங்களுக்கு, காரணம் இல்லாமல் கைது செய்யக் கூடாது, நோட்டீஸ் கொடுத்து விசாரிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014லேயே அர்னேஷ் குமார் வழக்கில் சொல்லியிருக்கிறது. புது நடைமுறைச் சட்டத்தில் அந்த நோட்டீஸ் 35(3). அது கையில் கிடைத்தால் கட்டாயம் போய் நிற்க வேண்டும், தவிர்க்கக் கூடாது. பெண்ணைச் சூரியன் மறைந்த பிறகு, விடிவதற்கு முன் கைது செய்வதற்கும் தடை இருக்கிறது. மிக அவசரம் என்றால், அதுவும் பெண் அதிகாரி எழுத்து மூலம் மாஜிஸ்திரேட் அனுமதி வாங்கித்தான்.

காலையிலேயே போங்கள். தனியாகப் போகாதீர்கள். வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லி, படித்த பிறகு போடுங்கள். "எடுத்தேன்" என்று போலீஸிடம் சொன்னது கோர்ட்டில் செல்லாது என்று சட்டம் இருப்பது உண்மை. அதை நம்பி, அடங்கிப் போனால் விட்டுவிடுவார்கள் என்று வாயைத் திறந்துவிடாதீர்கள்.

வக்கீல் வைக்கக் காசில்லை என்றால் 15100க்குப் போன் செய்யுங்கள். 1987ம் வருஷச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு ஊட்டியில் இருக்கிறது.

நேர்ப்பேச்சு | இரவு 10:48

எல்லோரும் ஒரு பக்கக் கதையைக் கேட்டே தீர்ப்புச் சொல்கிறீர்கள். அந்தப் பெண்ணும் அம்மா நகையைத் தொலைத்துவிட்டு நிற்கிறாள். பீரோ சாவி எங்கே இருக்கும் என்று தெரிந்தது இரண்டே பேருக்கு. அட்வான்ஸ் காசு வராத கோபம் பனிப்பூவுக்கு இருந்திருக்கிறது. வெளியே இருந்து பார்த்தால் எனக்கும் சந்தேகம் வரும். கோபித்துக்கொள்ள வேண்டாம், நாளை ஸ்டேஷனில் இதைத்தான் கேட்பார்கள். இங்கேயே பதில் சொல்லிப் பாருங்கள். செயினைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? காலி செய்த அன்று ரூமில் யார் யார் இருந்தார்கள்?

பனிப்பூ | இரவு 11:05

கோபம் இல்லை அண்ணா. கேட்டது நல்லதுதான்.

காலி செய்த அன்று அவள் காலையிலேயே மார்க்கெட்டுக்குப் போய்விட்டாள். வீட்டு ஓனர் அக்கா, ஜீப் டிரைவர், நான் மூன்று பேர்தான். பீரோவைத் திறந்து என் தட்டை மட்டும் காலி செய்தேன். மேல் தட்டைத் தொடவில்லை. சாவியை ஓனர் அக்கா கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

செயினை நான் நன்றாகவே அறிவேன். அவள் அம்மா இறந்துபோன பிறகு அவளுக்கு வந்தது. லட்சுமி டாலர், சுற்றிச் சின்னச் சின்னச் சிவப்புக் கல். போன ஆடி மாதம் ஒரு கல் உதிர்ந்துவிட்டது. அம்மா ஞாபகம், வேறு கல் வைத்தால் அம்மா போட்டது மாதிரி இருக்காது என்று ஆசாரியிடம் கொடுக்க மாட்டேன் என்றாள். அழுதுகொண்டே இருந்தாள். என்னிடம் சிவப்பு நெயில் பாலிஷ் இருந்தது. தீக்குச்சி முனையில் தொட்டு அந்தப் பள்ளத்தில் ஒரு பொட்டு வைத்தேன். காய்கிற வரைக்கும் இரண்டு பேரும் ஊதிக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். மழைக்காலம், குன்னூரில் எதுதான் சீக்கிரம் காயும். அந்தக் கையால் அந்தச் செயினை எடுப்பேனா?

இதை எழுதும்போதே அழுகை வருகிறது.

நெறியாளர் | இரவு 11:09

முதல் பதிவில் புகார் கொடுத்த பெண்ணின் பெயர் இருந்தது, நீக்கியிருக்கிறேன். யாரும் இங்கே அவரைத் தேடிக் கண்டுபிடிக்க முயல வேண்டாம்.

தேயிலைமகள் | இரவு 11:20

பனிப்பூ, என் அம்மா எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். ஓய்வு நேரத்தில் ஒரு பங்களாவில் பாத்திரம் கழுவப் போவார். ஒரு நாள் வெள்ளி டம்ளர் ஒன்று காணோம். வாசலில் நிறுத்தி, கூடையைக் கவிழ்த்துக் காட்டச் சொன்னார்கள். அம்மாவின் வெற்றிலைப் பொட்டலம், எனக்கு வாங்கிய வர்க்கி, மாற்றுச் சீலை எல்லாம் தரையில் விழுந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், எட்டு வயது. டம்ளர் சாயங்காலம் பூஜை அறையிலேயே கிடைத்தது. "கிடைச்சிருச்சு, நீ போ" என்றார்கள். அவ்வளவுதான். கவிழ்க்கச் சொன்னபோது பக்கத்து லைன் வீட்டு ஆட்கள் எட்டுப் பேர் நின்றார்கள். கிடைத்தபோது ஒருவரும் இல்லை.

அதனால் என் பேச்சு வழக்கைப் பற்றி இல்லை. அவள் உன்னைத் திருடி என்று நாலு பேருக்குச் சொன்னாளே, அந்த நாலு பேர் காதுக்கும் உண்மை போக வேண்டும். நாளை எது நடந்தாலும் அதைக் கேட்டு வாங்காமல் திரும்பாதே.

வெலிங்டன்வாசி | இரவு 11:34

நீங்களும் பதிலுக்கு ஒரு ஸ்டேட்டஸ் போடுங்கள். அட்வான்ஸ் காசை அமுக்கியவள் என்று. பொறுத்துப் போகப் போகத்தான் மிதிப்பார்கள்.

பழைய குமாஸ்தா | இரவு 11:41

வேண்டவே வேண்டாம். வெலிங்டன் தம்பி ஆத்திரத்தில் சொல்கிறார். இப்போது தப்பு முழுக்க அவர்கள் பக்கம். பதில் ஸ்டேட்டஸ் போட்டால் இரண்டு பேரும் ஒன்றாகிவிடுவீர்கள்.

ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளுங்கள். நல்லெண்ணத்தோடு, சந்தேகத்தின் பேரில் போலீஸில் புகார் கொடுத்தால் அது அவதூறு ஆகாது. சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. ஆனால் போட்டோவோடு ஊருக்கெல்லாம் திருடி என்று போட்டது வேறு. அது 356, அவதூறு, இரண்டு வருஷம் வரை. அதற்குப் போலீஸ் நேராக வழக்குப் போடாது, மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நாம் தனிப் புகார் கொடுக்க வேண்டும். தெரிந்தே பொய்ப் புகார் கொடுத்தால் 217, 248 எல்லாம் இருக்கிறது. பொய் என்று அவளுக்குத் தெரிந்திருந்ததாக நிரூபிப்பது கஷ்டம். எனக்கென்னவோ அந்தப் பெண் பொய் சொல்லவில்லை, தப்பாக நம்புகிறாள் என்றுதான் படுகிறது.

ஸ்டேட்டஸை உங்களுக்கு அனுப்பிய பெண்ணிடம் சொல்லி, போட்ட எண்ணும் நேரமும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட்டைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். அந்தப் போனையும் மாற்ற வேண்டாம். மின்னணுச் சாட்சி என்றால் பிற்பாடு அதற்குச் சான்றிதழ் கேட்பார்கள். மாமா பேசியது எத்தனை மணிக்கு என்று குறித்து வையுங்கள். அவளோடு நடந்த சாட் எதையும் அழிக்க வேண்டாம், உங்களுக்குப் பாதகமாக இருந்தாலும்.

நேர்ப்பேச்சு | இரவு 11:52

பனிப்பூ, ஒன்று தோன்றுகிறது. நீங்கள் போனது அக்டோபர் 12. தீபாவளி 20ம் தேதி. அன்றைக்கு அவள் எடுத்த போட்டோ ஏதாவது இருக்கிறதா? அம்மா செயினைத் தீபாவளிக்குப் போடாமலா இருப்பாள்?

பனிப்பூ | நவம்பர் 10, 2025, நள்ளிரவு 12:40

கை நடுங்குகிறது. பழைய கம்பெனி குரூப்பில் தீபாவளி அன்று ஒருத்தி போட்ட போட்டோ கிடைத்தது. அவள் நீலச் சேலையில் நிற்கிறாள், கழுத்தில் செயின் இருக்கிறது. எனக்குப் பார்த்ததும் தெரிகிறது, அதே செயின்.

நேர்ப்பேச்சு | நள்ளிரவு 12:46

அவசரப்படாதீர்கள். கவரிங் என்று சொல்லிவிடுவாள். அதே மாதிரி லட்சுமி டாலர் கவரிங் எந்தக் கடையிலும் கிடைக்கும். பெரிதாக்கிப் பாருங்கள், அந்தக் கல்.

பனிப்பூ | நள்ளிரவு 1:03

பார்த்தேன். மத்தாப்பு வெளிச்சத்தில் மற்ற கல் எல்லாம் மின்னுகிறது. இடது பக்கம் கீழே ஒன்று மட்டும் மின்னவே இல்லை. மங்கலாகச் சிவப்பாக இருக்கிறது.

அதுதான் நான் வைத்த பொட்டு.

பழைய குமாஸ்தா | காலை 5:50

இப்போதுதான் பார்த்தேன். போட்டோவை அனுப்பியவரிடமிருந்தே ஒரிஜினல் ஃபைலை வாங்கி வையுங்கள், வாட்ஸப்பில் வந்தது தேதியைத் தொலைத்துவிடும். போனதும் போட்டோவை நீட்டாதீர்கள். முதலில் அவர்களைச் சொல்ல விடுங்கள். செயின் என்றைக்குக் காணாமல் போனது என்று அவள் வாயால் சொல்லி, எழுத்தில் ஏறட்டும். அதற்குப் பிறகு காட்டுங்கள்.

அம்மாவையும் ஓனர் அக்காவையும் கூட்டிப் போக முடியுமா பாருங்கள்.

பனிப்பூ | நவம்பர் 10, 2025, இரவு 8:15

போய்விட்டு வந்தேன். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

அம்மா கூடலூரிலிருந்து முதல் பஸ்ஸில் கிளம்பி ஊட்டி மாறி வந்துவிட்டார். குன்னூர் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்ததும் பையிலிருந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்தார், அவருடைய தோடும் வளையலும். "அடகு வச்சுக் கொடுத்துடலாம் கண்ணு" என்றார். டீக்கடையில் உட்கார வைத்து, நாயுடுபுரத்து அண்ணன் எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. முடிச்சைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மனு ரசீது மட்டும்தான். எஃப்.ஐ.ஆர். இல்லை. விசாரித்த பெண் எஸ்.ஐ. மரியாதையாகவே பேசினார். அவள், அவள் மாமா, நாங்கள், ஓனர் அக்கா. அவளிடம் நகை பில் இருக்கிறதா என்று கேட்டார், அம்மா காலத்து நகை, இல்லை என்றாள். எப்போது கடைசியாகப் பார்த்தாய் என்றதும் மாமாதான் முந்திக்கொண்டு, "இந்தப் பொண்ணு காலி பண்ணின அன்னிக்கே காணோம், 12ஆம் தேதி" என்றார். எஸ்.ஐ. அவளைப் பார்த்து, "நீ சொல்லும்மா" என்றார். அவளும் ஆமாம் என்றாள். எழுதிக்கொண்டார்கள்.

அப்புறம் போட்டோவைக் காட்டினேன். மாமா உடனே கவரிங் என்றார். அண்ணா, நீங்கள் சொன்ன அதே வார்த்தை. நான் அவளைப் பார்த்து, "கல்லைப் பாரு" என்று மட்டும் சொன்னேன். போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். எனக்கு அவள் முகம் மட்டும்தான் தெரிந்தது. வாய் கோணிக்கொண்டு வந்தது, பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "தீபாவளிக்குப் போட்டிருந்தேன், எனக்கு ஞாபகமே இல்லை" என்றாள். மாமா என்னவோ சொல்ல வந்தார், எஸ்.ஐ. உட்காரச் சொல்லிவிட்டார்.

தீபாவளி அன்றும் மறுநாளும் எங்கெல்லாம் போனாள் என்று கேட்டார்கள். எங்கே விழுந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. செயின் கிடைக்கவில்லை. சந்தேகத்தின் பேரில் கொடுத்த புகார், என் மேல் குற்றம் இல்லை, மேல் நடவடிக்கை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள். நான் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

தேயிலைமகள் | இரவு 8:31

ஸ்டேட்டஸ்? அதைக் கேட்டாயா?

பனிப்பூ | இரவு 8:52

கேட்டேன் அக்கா. உங்கள் அம்மா கூடையை நினைத்துக்கொண்டுதான் கேட்டேன்.

எஸ்.ஐ. அறையிலேயே அவளிடம், "எத்தனை பேர் பார்த்தாங்களோ அத்தனை பேரும் பார்க்கணும்" என்றேன். "செயின் நான் தொலைத்தது. பனிப்பூ எடுக்கவில்லை. தவறாகப் போட்டதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்" (அங்கே என் நிஜப்பெயர்) என்று எழுதிப் போட்டாள், என் எதிரிலேயே. ஒரு நாள்தான் இருக்கும், தெரியும். பழைய கம்பெனி குரூப்பிலும் போட வைத்தேன். என் புது முதலாளிக்கும் மாமா போன் போட்டுச் சொல்லியிருக்கிறார் என்பது அங்கேதான் தெரிந்தது. அவரிடம் நீங்களே மறுபடி பேசுங்கள் என்றேன், மாமா தலையைக் குனிந்துகொண்டார், ஆனால் பேசவில்லை. அதனால் நாளை நானே புகார் முடிந்த நகலோடு முதலாளியிடம் போகிறேன்.

அவதூறு வழக்குப் போடலாம் என்று அண்ணன் போனில் குதிக்கிறான், நேற்று காசு கொடுக்கச் சொன்ன அதே அண்ணன். எனக்கு வேண்டாம். வெளியே வரும்போது அவள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். கழுத்தைக் கையால் தடவிக்கொண்டே இருந்தாள், செயின் இருந்த இடத்தை. அவள் அம்மாவின் நகை போனது நிஜம். என் அம்மா நகையும் இன்று போயிருக்கும். நான் அவளிடம் பேசவில்லை. பேச முடியவில்லை.

நேர்ப்பேச்சு | இரவு 9:10

நேற்று உங்களைச் சந்தேகப்பட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

பனிப்பூ | இரவு 9:14

நீங்கள் சந்தேகப்பட்டு என்னிடமே கேட்டீர்கள் அண்ணா. அவளும் அப்படி ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் போதும். தீபாவளிக்குப் போட்டிருந்தாயே என்று நானே கேட்டிருப்பேன்.

பழைய குமாஸ்தா | இரவு 9:40

நகல் கைக்கு வரும் வரை இழையை மூட வேண்டாம். தேதி, மனு ரசீது எண், அதிகாரி கையெழுத்து மூன்றும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஜெராக்ஸ் நாலு எடுத்து, ஒன்றை அம்மாவிடம் கொடுத்து வையுங்கள்.

பனிப்பூ | நவம்பர் 13, 2025, மாலை 5:25

ஐயா, நகல் இன்று வாங்கிவிட்டேன், மூன்றும் இருக்கிறது. முதலாளி படித்துவிட்டு, "இதைக் காட்டணும்னு இல்லையேம்மா" என்றார். இருந்தாலும் ஒரு ஜெராக்ஸை என் ஃபைலில் வைக்கச் சொல்லிவிட்டேன்.

அட்வான்ஸ் 10,000 நேற்று இரவு ஜிபேயில் வந்தது. கூட ஒரு வரியும் இல்லை.